வானிலை அறிக்கையும் பயிரின் வயதும்: வாசகர் கேள்வி – பதில்

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வயலையும் தோட்டத்தையும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கொழும்பில் இருந்துகொண்டு ஊரிலுள்ள காணியைத் தொலைபேசியில் கவனிப்பவர்களே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். அதனால் அங்கே நிற்பவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்களுடைய 2 ஏக்கர் வயல் பரந்தனில் இருக்கிறது. மைத்துனர்தான் பார்க்கிறார். ‘வடக்கில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை’ என்று வானொலியில் கேட்டவுடன் வரம்பை வெட்டிவிடச் சொல்லவா, பேசாமல் இருக்கவா என்று தெரியவில்லை. 100 மில்லிமீற்றர் என்றால் வயலில் எவ்வளவு தண்ணீர்? – வெள்ளவத்தை வாசகர்

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். ஆகவே 100 மில்லிமீற்றர் மழை ஒரு ஏக்கரில் 4 லட்சம் லீற்றருக்குச் சற்று மேல் கொட்டுகிறது. உங்கள் 2 ஏக்கருக்கும் 8 லட்சம்.

அதைவிடச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. 100 மில்லிமீற்றர் என்பது 10 சென்ரிமீற்றர் உயரத் தண்ணீர். வரம்பு 15 சென்ரிமீற்றர் உயரம், ஏற்கெனவே 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கிறது என்றால், அந்த மழையோடு வயல் வரம்பு மட்டத்துக்கு வந்துவிடும். பக்கத்து வயலிலிருந்து வழிந்து வருவது இதற்கு மேலதிகம். மண் எவ்வளவு குடிக்கும் என்று கேட்பீர்கள். தொடர்மழையில் ஊறிய களி மண் நாளொன்றுக்குச் சில மில்லிமீற்றர்தான் இழுக்கும். பயிர் குடிப்பதும் வெயிலில் ஆவியாவதும் சேர்ந்து 5 மில்லிமீற்றர் அளவு, மூடிய வானத்தில் அதுவும் இல்லை.

வரம்பை வெட்ட வேண்டாம். வெட்டிய இடத்தில் மண் அரித்துக்கொண்டு போகும், போட்ட பசளையும் அதோடு போகும். முதல் நாளே நிற்கிற தண்ணீரை 2 அல்லது 3 சென்ரிமீற்றருக்கு இறக்கச் சொல்லுங்கள். பிறகு வக்கடையின் (தண்ணீர் போக வரம்பில் வெட்டி வைத்திருக்கும் வாய்) அடியை வயல் மட்டத்திலிருந்து 7 அல்லது 8 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, அந்த இடத்தில் மண் நிரப்பிய சாக்கையோ புல்லுக்கட்டையோ போட்டால் மிஞ்சியது அரிப்பில்லாமல் வழியும். விதைத்துப் பத்து நாளுக்கு உட்பட்ட வயல் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது வக்கடைகளை அடிவரை திறந்தே விட வேண்டும்.

‘சில இடங்களில்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அது மாகாணத்தின் எல்லா வயலுக்கும் பொதுவான கணக்கு அல்ல. பரந்தனில் 100 விழும்போது பூநகரியில் 30 விழலாம். மறுநாள் வெளிவரும் மழைவீழ்ச்சி அளவு காலை 8.30 வரையான 24 மணித்தியாலத்துக்குரியது. இரவு முழுக்க ஒரே சீராகப் பெய்த 100 வேறு, இரண்டு மணித்தியாலத்தில் இறங்கிய 100 வேறு. வரம்பை உடைப்பது பின்னதுதான்.

இதற்கு ஒரே வழி வயலிலேயே அளப்பது. வாயும் அடியும் ஒரே அகலமான நேர்ச்சுவர் தகரப்பேணி போதும். மரம், கூரை எதுவானாலும் அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஆடாமல் நிறுத்தி, தினமும் காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தை உள்ளே விட்டு உயரத்தை மில்லிமீற்றரில் வாசித்துவிட்டு ஊற்றிவிட வேண்டும். பிளாஸ்ரிக் போத்தலின் அடி குழிந்திருக்கும். கழுத்தை வெட்டிவிட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடம்வரை முதலில் தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் கோடுவரை விட்டு மிகுதியை ஊற்றுங்கள். ஒரு போகம் எழுதிவைத்தால் அடுத்த போகத்துக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

கேள்வி: மழை நல்லது என்கிறார்கள், பிறகு மழையால் விளைச்சல் போனது என்றும் சொல்கிறார்கள். நெல்லுக்கு எந்த வாரத்து மழைதான் கெடுதல்? – மட்டக்குளி வாசகி

எங்களைக் கேட்டால், பயிரின் வயது தெரியாமல் வானிலை அறிக்கை கேட்பதில் பாதிப் பயன்கூட இல்லை. விதைத்த நாளைச் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

எந்த நெல்லினமானாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாள். கதிர் தண்டுக்குள் உருவாகத் தொடங்கிப் பூப்பது வரை இன்னொரு 30 நாள். மூன்று மாத இனத்துக்கும் நாலு மாத இனத்துக்கும் உள்ள வேறுபாடு முழுக்க ஆரம்ப வளர்ச்சிக் காலத்தில்தான் இருக்கிறது. ஆகவே பின்னிருந்து எண்ணுங்கள். ஒக்டோபர் 15 இல் விதைத்த மூன்றரை மாத நெல், அதாவது 105 நாள் பயிர், ஜனவரி 28 அளவில் அறுவடைக்கு வரும். பூப்பது டிசம்பர் கடைசி வாரம். கதிர் உருவாகத் தொடங்குவது நவம்பர் 29 அளவில். எங்கள் வடக்கு கிழக்கில் நவம்பரும் டிசம்பரும்தான் பெருமழை. இந்தப் பயிர் அந்த மழையை வளரும் பருவத்தில் வாங்கிக்கொண்டு, மழை குறையும் நாளில் முற்றுகிறது. செப்டெம்பர் தொடக்கத்தில் அவசரப்பட்டு விதைத்ததோ நவம்பர் நடுவில், நல்ல அடைமழைக்குள் பூக்கும், டிசம்பர் ஈரத்தில் அறுவடைக்கு வந்து நிற்கும்.

இப்போது வாரவாரியாகப் பார்ப்போம். முளை விட்டு முதல் பத்து நாள்: தண்ணீருக்குள் அமிழ்ந்தால் மூன்று நான்கு நாளில் முளை மூச்சுமுட்டி அழுகும். தேங்கி நிற்கும் தண்ணீர் வெயிலில் சூடாகிவிட்டால் இன்னும் விரைவில். மட்டம் வெடிக்கும், அதாவது அடியிலிருந்து பக்கக் கிளை விடும் பருவத்தில் பயிர் பொறுமையானது; இலை நுனி வெளியே தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும். முழுவதும் மூழ்கி ஒரு வாரம் கடந்தால் சந்தேகம்தான். அதிலும் கலங்கல் தண்ணீர் மோசம், இலையில் சேறு படிந்து வெளிச்சம் படாமல் செய்துவிடும். வெள்ளம் வடிந்த உடனே யூரியா எறிய ஓடக்கூடாது. வாடிய பயிர் புதிய இலை விடும்வரை, நாலைந்து நாள் பொறுக்க வேண்டும்.

ஆக மென்மையான நாட்கள் கதிர் தண்டுக்குள் பருத்து நிற்கும் குடலைப் பருவமும் பூக்கும் வாரமும். நெற்பூ முற்பகலில், பெரும்பாலும் 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் திறந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மூடிக்கொள்ளும். அந்த நேரத்துக்குச் சரியாக அடித்த மழை மகரந்தத்தைக் கழுவிவிடும், கதிரில் சப்பி (அரிசி பிடிக்காத வெறும் நெல்) கூடும். இரவு மழைக்கும் மாலை மழைக்கும் அவ்வளவு பயமில்லை. ஒரு வயல் பூத்து முடிய ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் ஒரு காலை மழை எல்லாவற்றையும் கொண்டுபோகாது. அந்த வாரத்தில் காலை வேளையில் மருந்தும் அடிக்காதீர்கள், அதே கெடுதலைத்தான் அதுவும் செய்யும்.

முற்றும் பருவத்தில் மழை வந்தால் பயிர் சாயும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைக்கும். அறுவடைக்குப் பத்து முதல் பதினாலு நாளுக்கு முன்னரே வயலை வடியவிட்டால் வேர் இறுகிச் சாய்வு குறையும், அறுவடை இயந்திரமும் புதையாது. 85 வீதமான மணிகள் மஞ்சளானதும் அறுக்கலாம். அந்த நேரம் ஈரப்பதன் 20 வீதத்துக்கு மேல் இருக்கும். களஞ்சியத்துக்கு 14 வீதத்துக்கு மேல் கொண்டுபோனால் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று நாள் வெயில் கிடைக்கும் என்று அறிக்கை சொல்லாத வாரத்தில், காயவைக்க இடம் இல்லாதவர் அறுப்பை இரண்டு நாள் தள்ளிப்போடுவது மேல்.

கேள்வி: கிளிநொச்சியில் அண்ணா யூரியா எறிந்து அடுத்த நாளே பெருமழை. திரும்பவும் போட வேண்டுமா? ஒரு மூடைக்கு இன்றைக்குக் கொடுக்கிற காசுக்கு மனம் வரவில்லை. – தெகிவளை வாசகர்

உடனே போட வேண்டாம். முதலில் அண்ணாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் வரம்பைத் தாண்டி வெளியே போனதா, இல்லையா?

யூரியா கரைந்தவுடன் மண்ணில் ஒட்டாது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும். சில நாளில், சூடான நிலத்தில் மூன்று நாலு நாளுக்குள், அமோனியமாக மாறிய பிறகுதான் களி அதைப் பிடித்துக்கொள்ளும். எனவே எறிந்த மறுநாள் பெய்த மழையில் தண்ணீர் வயலுக்குள்ளேயே நின்றிருந்தால் பசளையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வரம்பு மேவிப் பாய்ந்திருந்தால் பெரும்பகுதி அடுத்தவர் வயலுக்கோ வாய்க்காலுக்கோ போய்விட்டது. 50 கிலோ மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. எவ்வளவு போயிருக்கலாம் என்று மதிக்க அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேவிப் பாய்ந்திருந்தாலும் ஒரு வாரம் பொறுத்து இலையைப் பாருங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் இலை நிற அட்டை இருக்கும். முழுதாக விரிந்த ஆக இளைய இலையின் நடுப்பகுதியை அட்டையோடு வைத்து, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, உங்கள் நிழலில் பார்க்க வேண்டும். வயலின் பத்து இடங்களில் பார்த்து, ஆறில் வெளிறியிருந்தால் அந்த முறைக்குரிய அளவில் பாதியைப் போடுங்கள். முழு அளவைத் திரும்பவும் போட்டால் பயிர் கடும்பச்சையாகி, பார்வைக்கு அழகாக நிற்கும். எரிபந்தம் என்ற பூஞ்சண நோய்க்கும் அறக்கொட்டி என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் அதைவிட நல்ல விருந்து இல்லை.

இனி அப்படி நேராமல் இருக்க: எறிவதற்கு முன் தண்ணீரை இறக்கிச் சேற்றுப் பதத்துக்குக் கொண்டுவந்து எறிந்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் விடுங்கள். நின்ற தண்ணீரில் எறிந்தால் நடுப்பகல் வெயிலில் ஒரு பங்கு வாயுவாகவே போய்விடும். தாழமுக்கம் உருவாகியிருக்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னால், பசளை எறியும் நாளை நாலைந்து நாள் தள்ளிவைப்பதால் பயிருக்கு ஒரு குறையும் வராது.

எறிந்த பிறகு வானம் மூடி, இரவில் குளிரும் காலையில் பனிமூட்டமுமாக இருந்தால் எரிபந்தம் பாருங்கள். இலையில் கண் வடிவில், நடுவில் சாம்பலும் ஓரத்தில் கபிலமுமாகப் புள்ளி தெரியும். கண்டால் யூரியாவை நிறுத்துங்கள், வயலைக் காயவிடாதீர்கள், காய்ந்த வயலில் அது கூடும். அறக்கொட்டிக்கு இதற்கு எதிர்மாறு: தண்ணீரை மூன்று நாலு நாள் வடியவிட வேண்டும். அது இலையில் இருக்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டடியில் கூட்டமாக இருக்கும். பயிரை விலக்கிப் பார்க்காமல் வரம்பில் நின்று ‘ஒன்றும் இல்லை’ என்பவரை நம்பவேண்டாம். வட்டம் வட்டமாக எரிந்த பிறகு மருந்தடிப்பது காசுக்கு நட்டம். மருந்து அடித்தாலும் தண்டடியில் படாவிட்டால் வேலை செய்யாது. முதல் நாற்பது நாளுக்குள் தேவையில்லாமல் பூச்சிமருந்து அடித்த வயலில்தான் அறக்கொட்டி பெருகும், அதைத் தின்னும் சிலந்திகள் முதலில் செத்துவிடுவதால்.

கேள்வி: ஜூன், ஜூலையில் கொழும்பில் குடையில்லாமல் வெளியே போக முடியாது. மட்டக்களப்பில் அம்மாவோ கிணறு வற்றுகிறது என்கிறார். ஒரே நாடுதானே? – பம்பலப்பிட்டி வாசகி

நடுவில் மலை இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மறுபக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. உங்கள் அம்மா ‘கச்சான்’ என்று சொல்வது அதைத்தான். யாழ்ப்பாணத்தில் அதே காற்றுக்குப் பெயர் சோளகம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை புரளும், வாடைக்காற்று உங்கள் ஊருக்கு மழை தரும். நாடு முழுக்கப் பரவலாக மழை கிடைப்பது ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவத்தில்தான். கச்சான் காலத்தில் அம்மாவின் தோட்டத்துக்கு அதிகாலையிலோ பொழுதுபட்ட பிறகோ தண்ணீர் விடச் சொல்லுங்கள். பாத்தியை வைக்கோலால் மூடினால் இரண்டு நாளுக்கு விடும் தண்ணீர் மூன்று நாளுக்குப் போதும்.

கேள்வி: புறக்கோட்டையில் வெங்காய வியாபாரம் செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் மழை என்று கேட்டால் சின்ன வெங்காயத்தை உடனே வாங்கி வைப்பதா, பொறுப்பதா? – புறக்கோட்டை வாசகர்

மழையின் அளவைவிட அது எத்தனை நாள் நீடித்தது என்பதைக் கேளுங்கள். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஒரு நாளில் 80 மில்லிமீற்றர் பெய்தாலும் மறுநாள் வடிந்துவிடும், வெங்காயத்துக்குப் பெரிய சேதமில்லை. 10 மில்லிமீற்றர் வீதம் ஆறு நாள் தூறி, தாள் (வெங்காய இலை) காயாமலே இருந்தால் திருகல் நோய் பரவும். மழைத்துளி தெறித்தே அது பக்கத்துப் பயிருக்குப் போகிறது. தாள் சுருண்டு, கழுத்து நீண்டு, கிழங்கு சிறுத்துவிடும்.

அந்தத் தோட்டத்துக் காய் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மூடைக்குள் இரண்டு கிழமை தாங்காது. வாங்கும்போது கழுத்தை இரண்டு விரலால் அழுத்துங்கள். வழுக்கினால், ஈரம் கசிந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். பிடுங்கி மூன்று நாலு நாள் கிழங்கைத் தாளால் மூடி வாட்டி, பிடியாகக் கட்டிக் காற்றோட்டத்தில் தொங்கவிட்டதுதான் இருப்பு வைக்கத் தகும். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம், அந்த நாலு நாள் உழைப்பு விவசாயியினுடையது.

கேள்வி: இவ்வளவு மழை பெய்தும் தேங்காய் விலை ஏன் இறங்கவில்லை? – கொட்டாஞ்சேனை வாசகி

இன்று நீங்கள் துருவும் தேங்காய் ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன் விரிந்த பாளையிலிருந்து வந்தது. பாளை விரிந்து காய் முற்ற 11 முதல் 12 மாதம். விரிந்த முதல் இரண்டு மூன்று மாதம் குரும்பை மிகவும் பலவீனமானது. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்த தென்னை முக்கோணத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழையில்லாமல் வெயில் காய்ந்தால் குரும்பை கொட்டும். அதன் விளைவு அந்த வருடக் கடைசியிலும் அடுத்த வருடத் தொடக்கத்திலும் சந்தையில் தெரியும். அந்த நேரம் மழை பெய்துகொண்டிருந்தாலும் கொட்டிய குரும்பை திரும்பி வராது. இப்போதைய மழையின் பலன் அடுத்த வருடத்துக்கு.

வீட்டில் ஒன்றிரண்டு தென்னை வைத்திருப்பவர்கள் மழை முடியும் முன், அடிமரத்தைச் சுற்றி 6 அடி ஆரைக்குள் காய்ந்த ஓலையும் உரிமட்டையும் பரப்பி ஈரத்தைப் பிடித்து வையுங்கள். குரும்பை நிற்கும்.

கேள்வி: நுவரெலியாவில் அப்பாவுக்கு உருளைக்கிழங்கும் லீக்ஸும் உண்டு. ‘துகள் உறைபனி’ என்று அறிவித்தார்கள், ஆனால் வெப்பநிலை 4 பாகை என்றார்கள். 4 பாகையில் எப்படி உறையும்? – வத்தளை வாசகர்

வெப்பமானி தரையில் இல்லை. அது தரையிலிருந்து ஏறத்தாழ நாலு அடிக்கு மேலே, காற்றோட்டமான பெட்டிக்குள் இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். புல் மட்டத்தில் அதைவிட 3, 4 பாகை குறைவாக இருக்கும். குளிர்காற்று கனமானது, தண்ணீர்போலப் பள்ளத்துக்கு இறங்கும். அதனால் மேட்டுப் பாத்தி தப்பி, ஓடையோரப் பாத்தி கருகும்.

ஜனவரி, பெப்ரவரியில் பிற்பகல் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து, மாலையில் காற்றும் நின்றுவிட்டால் அப்பா வேலையைத் தொடங்கலாம். பொழுதுபடும் முன் மண்ணை நனைத்துவிட வேண்டும், ஈரமண் பகல் சூட்டை அதிக நேரம் வைத்திருக்கும். உருளைக்கிழங்குப் பாத்தியைச் சாக்காலோ வைக்கோலாலோ மூடலாம், ஆனால் சூரியன் மறையும் முன் மூடினால்தான் பயன். மூடாத இலையில் பனி படிந்துவிட்டால், வெயில் படும் முன் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிடுங்கள். கருகிய இலையை அன்றே வெட்ட வேண்டாம். எது உயிரோடு இருக்கிறது என்று தெரிய ஒரு வாரமாகும்.

உருளைக்கிழங்குக்கு உறைபனியைவிடப் பெரிய எதிரி, மூன்று நாலு நாள் விடாத தூறலும் மூடுபனியும். இலை ஓரத்தில் தண்ணீர் ஊறியதுபோலக் கறை, கீழ்ப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சணம் என்றால் வெளிறல் நோய். வந்த பிறகு ஒரு வாரத்தில் பாத்தியே போய்விடும். மான்கோசெப் போன்ற மருந்து இலையில் நோய் வராமல் தடுப்பதற்கு, வந்ததை மாற்றாது. எனவே தூறல் வாரம் அறிவித்ததும், மழைக்கு முன், ஈரமில்லாத இலையில் அடிக்க வேண்டும். அடித்து உலர்வதற்கு முன் மழை பெய்தால் அது அடிக்காததற்குச் சமம்.

கேள்வி: கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் 30 அடி, 36 அடி என்று செய்தியில் சொல்கிறார்கள். சிறுபோகத்துக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருமா என்று அதிலிருந்து அறிய முடியுமா? – கல்கிசை வாசகர்

அடியை மட்டும் வைத்து முடியாது. குளம் கிண்ணம் போன்றது, மேலே போகப் போக அகலம் கூடும். 36 அடியிலிருந்து 30 அடிக்கு இறங்கும்போது போகும் தண்ணீர், 12 இலிருந்து 6 க்கு இறங்கும்போது போவதைவிடப் பல மடங்கு. எனவே எத்தனை ஏக்கர் அடி கொள்ளளவு இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத் தண்ணீர், சுமார் 12 லட்சத்து 33 ஆயிரம் லீற்றர்.

மழை குறைந்த மாதங்களில் செய்யும் போகம் என்பதால் சிறுபோகத்தில் மழை கைகொடுக்காது. உழவிலிருந்து அறுவடைவரை, வாய்க்கால் இழப்பையும் சேர்த்தால், ஒரு ஏக்கர் நெல்லுக்கு 4 அல்லது 5 ஏக்கர் அடி வேண்டும். உளுந்துக்கும் பயறுக்கும் அதில் பாதிகூட வேண்டாம். சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்கு அனுமதி, உங்கள் வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் திறப்பு என்று முடிவாகும். கூட்டத்துக்கு முன்னரே, மார்ச் கடைசியில் குளத்தில் நிற்கும் ஏக்கர் அடியை 5 ஆல் பிரித்துப் பாருங்கள். வருவது, குடிநீருக்கும் ஆவியாவதற்கும் ஒதுக்குவதைக் கழிக்காத மேல் எல்லை. அனுமதிக்கும் ஏக்கர் அதற்குக் கீழேதான் இருக்கும். வாய்க்காலின் கடைக்கோடி வயல் உங்களுடையது என்றால், அந்த எண் இறுக்கமாக இருக்கும் வருடத்தில் நெல்லை விட்டு உளுந்து போடுங்கள். துருசு (குளத்து மதகு) திறந்த நாலாம் நாள்கூடத் தண்ணீர் எட்டாமல் நாற்று வாடுவது கடைக்கோடியில்தான்.